ஒரு பொருளைப் பற்றி நிறுவனத்துக்கு என்ன தெரியும்?

வேதிப்பொருட்களை அடையாளம் காட்டும் சிஏஎஸ் எண் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு உலகெங்கும் ஒன்றுதான்: 6484-52-2. உரம் விற்பவருக்கும் கல்குவாரி நடத்துபவருக்கும் அது ஒரே வேதிப்பொருள். ஆனால் அதைக் கப்பலில் ஏற்றப்போகிறவர் இன்னொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: அதில் எரியக்கூடிய கலப்பு எவ்வளவு? 0.2 சதவீதத்துக்குள் இருந்தால் ஐநா எண் 1942, ஆக்சிஜனேற்றிகளுக்கான 5.1 வகுப்பு. 0.2 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் ஐநா எண் 0222, வெடிபொருள், 1.1டி பிரிவு. உரமாகத் தயாரிக்கப்பட்டு அதற்குரிய வரம்புகளுக்குள் இருந்தால் ஐநா எண் 2067. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்ததும், சென்னை மணலியின் சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றில் 37 பெட்டகங்களில் ஏறத்தாழ 700 டன் அதே பொருள் 2015 முதல் கிடப்பது செய்தியானது. உரத் தரம் என்று சொல்லி இறக்குமதியான சரக்கு வெடிபொருள் தரமாகத் தெரிந்ததால் சுங்கத் துறை பிடித்துவைத்திருந்தது. பெய்ரூட்டுக்குப் பிறகுதான் அவசரமாக ஏலம் விட்டு ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

பெரிய நிறுவனங்களின் மென்பொருளில் பொருட்களின் விவரக்குறிப்புத் தரவை எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கட்டங்களை நிரப்பும் எழுத்தர் வேலை. நிறுவனங்களுக்குள்ளும் பல மேலாளர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் இந்த வேலை அனுபவம் குறைந்தவர்கள் கையில் போய் விழுகிறது. என் பார்வை வேறு. விவரக்குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு முறையில் அளந்து, ஏதோ ஒரு சட்டத்துக்காக, ஒரு தேதியில் சொன்ன கூற்று. யார், எப்படி, எதற்காக, எப்போது என்பவற்றோடு சேர்த்து வைக்கும்வரைதான் அதை நம்பி ஒரு முடிவு எடுக்க முடியும். இந்தத் துறையின் நல்ல மென்பொருள்கள் இதைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டவை. அவற்றை நிறுவும் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தப் புரிதலை உதறிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

கொள்முதலையும் கிடங்கையும் கணக்கையும் இணைக்கும் ஈஆர்பி மென்பொருளின் நடுவில் இருப்பது மெட்டீரியல் மாஸ்டர். வாங்குவது, இருப்பு வைப்பது, விலை போடுவது, விற்பது எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் நடக்கின்றன. ஜெர்மனியின் எஸ்ஏபி மென்பொருளில் பொருளின் விளக்கப் பெயருக்கு 40 எழுத்து இடம் உண்டு. அந்த 40 எழுத்துக்குள் ஸ்டோர்ஸ்காரர் பெயரையும் தூய்மையையும் டிரம் அளவையும் சுருக்கிச் செருகிவிடுவார். ஒரே கரைப்பானை டேங்கரில் வாங்கினால் ஓர் எண், டிரம்மில் வாங்கினால் இன்னோர் எண், சின்ன கேனில் விற்றால் மூன்றாவது எண். கிடங்கைப் பொறுத்தவரை இது சரி. டேங்கரும் டிரம்மும் கேனும் வேறு வேறு சரக்குகள்தாம். ஆனால் தீப்பற்றும் வெப்பநிலையும் நச்சுத்தன்மையும் உட்கூறுகளும் உள்ளே இருக்கும் திரவத்துக்குச் சொந்தமானவை. அவற்றை மெட்டீரியல் மாஸ்டரிலேயே கூடுதல் கட்டங்களாகச் சேர்த்தால், ஒரே திரவத்துக்கு மூன்று இடங்களில் மூன்று ஆட்கள் தரவு போடுவார்கள். சில வருடங்களில் மூன்றும் மூன்று விதமாகப் பேசும்.

எஸ்ஏபி தன் முந்தைய ஆர்/3 பதிப்பின் காலத்திலேயே இதற்கு ஒரு விடை கண்டது. சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்புக்கான ‘இஹெச்எஸ்’ பிரிவில், மெட்டீரியலிலிருந்து பிரிந்து நிற்கும் ‘ஸ்பெசிஃபிகேஷன்’ என்ற தனிப் பதிவை வைத்தது. எத்தனை மெட்டீரியல் எண்களையும் ஒரு ஸ்பெசிஃபிகேஷனோடு கட்டலாம். இந்த வேலை செய்பவர்கள் பரிவர்த்தனைக் குறியீட்டைச் சொல்லி ‘சிஜி02’ என்றே அந்தத் திரையை அழைப்பார்கள். அதில் நிறுவனம் உண்மையில் தயாரிக்கிற, வாங்குகிற பொருள் ஒரு வகை. சட்டங்களிலும் பட்டியல்களிலும் பெயர் சொல்லப்படும் பொருள் இன்னொரு வகை. ஆலையின் டேங்கில் இருக்கும் டொலுவீன் ஒன்று, சட்டப் பட்டியலில் அச்சாகியிருக்கும் டொலுவீன் வேறொன்று என்பதை மென்பொருள் ஒத்துக்கொள்கிறது. முதலாவதில் மாசு இருக்கும், ஈரம் இருக்கும், சப்ளையரின் கைவண்ணம் இருக்கும். இரண்டாவதில் பெயரும் வரம்பும் மட்டுமே.

அந்த வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது இன்னொரு அம்சம். ஒரு பண்புக்கு ஒரே ஒரு மதிப்புதான் போடலாம் என்ற கட்டாயம் அதில் இல்லை. எத்தனை மதிப்பும் போடலாம். ஒவ்வொன்றோடும் அதை யாருக்குக் காட்டலாம், எந்த நாட்டுக்குச் செல்லும், எந்த ஆய்விலிருந்து வந்தது, எவ்வளவு நம்பலாம் என்பவற்றைப் பதியலாம். அதாவது கூற்றையும் கூற்றின் சூழலையும் சேர்த்து வைக்க இடம் இருக்கிறது. நடைமுறையில் இந்தச் சூழல் கட்டங்கள்தாம் முதலில் காலியாக விடப்படுகின்றன. பழைய மென்பொருளிலிருந்து தரவை மாற்றும்போது ‘எல்லா நாட்டுக்கும், எல்லாருக்கும்’ என்று ஒரே மதிப்பைப் போட்டு மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். திட்டம் குறித்த தேதியில் முடிந்துவிடும், தரவுக்கு ஏற்பட்ட பாதிப்பு பிறகு தெரியவரும்.

அடுத்தது அடையாளம். சிஏஎஸ் எண்ணை அமெரிக்க வேதியியல் கழகத்தின் பிரிவு ஒன்று 1965 முதல் வழங்கிவருகிறது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். தண்ணீரின் எண் 7732-18-5. கடைசி 5ஐ விட்டுவிட்டு வலமிருந்து இடமாக 8, 1, 2, 3, 7, 7 ஆகியவற்றை முறையே 1 முதல் 6 வரை பெருக்கிக் கூட்டினால் 105 வரும். அதன் கடைசி இலக்கம் 5. தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் தவறான பொருளைச் சரியாகத் தட்டியவரை இது பிடிக்காது. மயில்துத்தம் என்று நம் விவசாயிகள் அறிந்த காப்பர் சல்பேட்டுக்கு இரண்டு எண்கள் உண்டு. நீரற்றதற்கு 7758-98-7, ஐந்து நீர் மூலக்கூறுகளோடு நீலப் படிகமாக வருவதற்கு 7758-99-8. முன்னதில் செம்பு ஏறத்தாழ 39.8 சதவீதம், பின்னதில் 25.5 சதவீதம். எண் மாறினால் ஒரு பேட்ச் முழுவதும் செம்பின் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறும், சரிபார்ப்பு இலக்கமோ இரண்டையும் சரி என்றே சொல்லும். தரவை எக்செல்லில் கொண்டுபோய்க் கொண்டுவரும்போது இன்னொரு விபத்து: முதல் பகுதி நான்கு இலக்கமாகவும் நடுப்பகுதி 01 முதல் 12க்குள்ளும் அமைந்த பல எண்களை அந்த மென்பொருள் தேதியாக எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக அறிவித்துவிட்டுத்தான் எதையும் ஒட்ட வேண்டும்.

எண் இருந்தும் பொருள் இன்னதென்று அறுதியிட முடியாதவையும் உண்டு. முந்திரி ஓட்டு எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டியிலும் கொல்லத்திலும் முந்திரி உடைப்பவர்களுக்குத் தெரியும், ஓட்டிலிருந்து வரும் அந்தக் கருத்த திரவம் கையைப் பொசுக்கும் என்று. அதற்கு 8007-24-7 என்று ஒரு சிஏஎஸ் எண் உண்டு, ஆனால் ஒற்றை வேதி வாய்பாடு கிடையாது. சூடுபடாமல் எடுத்தால் அனகார்டிக் அமிலம் மிகுந்திருக்கும். வறுத்து எடுத்தால் அந்த அமிலம் கரியமில வாயுவை இழந்து கார்டனாலாக மாறிவிடும். ஒரே எண்ணின் கீழ் இரண்டு வேறுபட்ட திரவங்கள். வேதிப்பொருட்களுக்கான ஐரோப்பிய ரீச் சட்டம் இத்தகைய, கலவை நிலையில்லாத பொருட்களுக்குத் தனி வகையே வைத்திருக்கிறது. எதிலிருந்து, எந்தச் செய்முறையில் வந்தது என்பதும் அங்கே அடையாளத்தின் பகுதி. ஆகவே மென்பொருளில் செய்முறைக்கு ஒரு கட்டம் இல்லையென்றால் இவற்றைப் பதிந்ததாகவே கருத முடியாது.

கலவைகளின் உட்கூறுகளைப் பதிவதில் இருவித உண்மைகள் மோதுகின்றன. ஆலைக்குத் தேவை துல்லியமான செய்முறை அளவு. வாடிக்கையாளருக்குக் காட்டுவதோ 10 முதல் 20 சதவீதம் என்பது போன்ற வரம்பு, ஏனெனில் செய்முறை வணிக ரகசியம். இரண்டும் ஒரே பதிவில் தனித்தனியாக இருந்தாக வேண்டும். மாசுகளும் பதியப்பட வேண்டும் என்பது பலருக்குப் பிறகுதான் உறைக்கிறது. வேதிப்பொருட்களை வகைப்படுத்தும் ஐரோப்பிய சிஎல்பி விதிப்படி, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட வகையைச் சேர்ந்த பொருள் ஒரு கலவையில் 0.1 சதவீதம் இருந்தாலே, பொதுவாக, அந்தக் கலவையும் அந்த வகைப்பாட்டை ஏற்க வேண்டும். பென்சீன் அத்தகையது. கரைப்பானில் ‘99 சதவீதத் தூய்மை’ என்று எழுதிவிட்டு மீதி ஒரு சதவீதம் என்ன என்று கேட்காமல் விட்டால், சட்டத்துக்கு வேண்டிய தகவலைத்தான் விட்டிருக்கிறோம்.

எண்களோடு ஒட்டிவரும் சின்னக் குறிகள் தனி அக்கறைக்கு உரியவை. ஆய்வறிக்கையில் தீப்பற்றும் வெப்பநிலை ‘93 டிகிரிக்கு மேல்’ என்று இருக்கும். பதிபவர் 93 என்று போடுவார். அந்த ஒரு குறி போனதும், அந்தச் சோதனையில் தீயே பற்றாத எண்ணெய் 93 டிகிரியில் தீப்பற்றும் எண்ணெயாகிவிடுகிறது. மூடிய கிண்ண முறையில் அளந்ததா, திறந்த கிண்ண முறையிலா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும், ஏனெனில் இரண்டு முறையும் பொதுவாக ஒரே விடையைத் தருவதில்லை. அலகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து, மானிட்டோபாவின் கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஓடுதளத்தில் சறுக்கி இறங்கியது. எல்லாரும் பிழைத்தார்கள். கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. லிட்டரைக் கிலோவாக மாற்றுவதற்கு 0.8 என்ற அளவில் ஓர் அடர்த்தி எண் தேவைப்பட்டது, ஆனால் கணக்கில் எடுக்கப்பட்டது 1.77. அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதைச் சொல்லும் எண். பவுண்டுக் கணக்கில் அந்த எண்ணில் பிழை இல்லை. அது எந்த அலகுக்குரியது என்பதுதான் அதோடு சேர்ந்து வரவில்லை.

இடமும் மதிப்பை மாற்றும். 80 டிகிரியில் தீப்பற்றும் ஒரு திரவத்தை அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதி ‘தீப்பற்றும் திரவம், நான்காம் வகை’ என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த நான்காம் வகையை ஏற்கவே இல்லை. இரண்டுமே ஐநாவின் ஜிஹெச்எஸ் என்ற ஒரே உலக வகைப்பாட்டு ஒழுங்கைத் தழுவியவைதாம். ஆனால் அந்த ஒழுங்கில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நாடுகளுக்கு உரிமை தரப்பட்டிருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் தனக்கென ஒரு ரீச் சட்டத்தோடு பிரிந்தபோது, ‘ஐரோப்பா’ என்று ஒரே செல்லுபடிப் பரப்பாகப் பதிந்துவைத்த நிறுவனங்கள் பதிவு பதிவாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. பிரிட்டனை முன்பே தனிப் பரப்பாக வைத்திருந்தவர்களுக்கு அந்த வேலை குறைவு. சூழலைத் தனித்தனியாகப் பதிவது வீண்வேலை என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இது.

பாதுகாப்புத் தரவுத்தாள் இன்று 16 பிரிவுகள் கொண்ட நிலையான வடிவத்தில் வருகிறது. தொழிலாளிக்குத் தான் கையாளும் பொருளைப் பற்றி அறியும் உரிமை உண்டு என்ற கருத்து அமெரிக்காவில் 1983இல் விதியானது. மறுவருடம் போபாலில் நடந்த விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, ஆலையைச் சுற்றி வாழ்பவருக்கும் அந்த உரிமையை 1986இல் அங்கே சட்டமாக்கினார்கள். இந்தியாவில் 1989இல் அபாயகரமான வேதிப்பொருட்களுக்கான விதிகள் வந்தன. ஆகவே இந்தத் தாளுக்குப் பின்னால் மனித உயிர்கள் இருக்கின்றன. எஸ்ஏபி போன்ற மென்பொருளில் இந்தத் தாளைக் கையால் எழுதுவதில்லை. விவரக்குறிப்பிலிருந்தே அது உருவாகிறது. வாக்கியங்கள் எல்லாம் ஒரு சொற்றொடர்க் களஞ்சியத்தில் குறியீட்டோடு இருக்கும். எச்225 என்ற குறியீட்டைப் போட்டால், எளிதில் தீப்பற்றும் திரவம், ஆவி என்ற எச்சரிக்கை ஜெர்மனிலோ ஜப்பானியத்திலோ அதற்குரிய சொற்களில் வந்து அமரும். மொழிபெயர்ப்பு ஒரு முறை, பயன்பாடு ஆயிரம் முறை. இந்த வசதியை வாங்கி வைத்துக்கொண்டு, சப்ளையர் அனுப்பிய பிடிஎஃப் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் குவித்துவைப்பதோடு நின்றுவிடும் நிறுவனங்கள் ஏராளம். பிடிஎஃப் குவியலிடம், நம் பொருட்களில் எவற்றிலெல்லாம் டொலுவீன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கேட்க முடியாது.

திரவங்களிலிருந்து திடப் பண்டங்களுக்கு வந்தால் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. ஐரோப்பாவின் ரோஸ் விதி 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாதனங்களில் ஈயத்தை 0.1 சதவீதத்துக்கும் காட்மியத்தை 0.01 சதவீதத்துக்கும் கட்டுப்படுத்தியது. அந்தச் சதவீதம் ‘ஒருபடித்தான பொருளில்’ கணக்கிடப்படுவது. அதாவது, மேலும் பிரிக்க முடியாத ஒரு பூச்சு, ஒரு உலோகம், ஒரு பிளாஸ்டிக். 2007 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த ரீச் சட்டமும், கவலைக்குரிய பொருட்களை அறிவிப்பதற்கு, 0.1 சதவீதம் என்கிறது, ஆனால் அதன் பகுதி வேறு: ‘பண்டத்தின்’ எடை. பண்டம் என்றால் எது? முழு மிதிவண்டியா, அதன் கைப்பிடி உறையா? முழு மிதிவண்டியின் எடையில் வகுத்தால் உறையில் இருக்கும் மென்மையூட்டி காணாமல் போய்விடும். பல நாடுகள் பல விதமாகக் கணக்கிட்டன. 2015 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்துவைத்தது: ஒரு முறை பண்டமாக ஆனது பெரிய பொருளில் பொருத்தப்பட்ட பிறகும் பண்டமே, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். அந்தத் தீர்ப்பு நாளில் ஒரு திருகாணியின் உலோகம்கூட மாறவில்லை. ஆனால் முழுப் பொருளின் அளவில் மட்டும் தரவு வைத்திருந்தவர்கள் உதிரி உதிரியாக மறுபடியும் சேகரிக்க வேண்டியதாயிற்று.

2018 ஜூனில் ஈயம் ரீச்சின் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்ந்தபோதும் இதே கதை. எளிதாகக் கடைசல் பிடிப்பதற்காகப் பித்தளையில் 3 சதவீதம் வரை ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். ரோஸ் விதியின் ஒரு விதிவிலக்கு செம்புக் கலவைகளில் 4 சதவீதம் வரை ஈயத்தை அனுமதிக்கிறது. அதே பித்தளை ரீச்சின்படி அறிவிக்கப்பட வேண்டியதாகிறது. நுகர்வோர் ஒருவர் கேட்டால் 45 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து பம்பும் வால்வும் ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆலை, தன் ஒவ்வொரு மாடலிலும் எந்தப் பித்தளை உதிரி எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், உதிரிப் பட்டியலும் பொருள் விவரக்குறிப்பும் மென்பொருளில் பிணைந்திருக்க வேண்டும். ‘ரோஸ்: ஆம்’ என்று ஒரு டிக் மட்டும் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த டிக் இந்தக் கேள்வியில் உதவாது. பகுதி மாறும்போதும் சட்டம் மாறும்போதும் நிலைத்து நிற்பது உட்கூறுகளின் அளவுதான். ‘இணக்கம்’ என்ற முடிவு அதிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டியது. முடிவை மட்டும் சேமித்துவிட்டு ஆதாரத்தை விட்டுவிடுவது இந்தத் துறையின் மிகப் பரவலான தவறு என்பேன்.

ஆதாரம் என்ற சொல்லுக்கு இன்னும் கனமான ஒரு பொருளும் உண்டு. 2006இல் பனாமாவில் அரசு தயாரித்த இருமல் மருந்தைக் குடித்தவர்கள் செத்து விழுந்தார்கள். குறைந்தது 100 பேர். கிளிசரின் என்று வாங்கியதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. சீனாவில் புறப்பட்ட அந்தப் பீப்பாய்கள் பீஜிங், பார்சிலோனா வணிகர்களின் கைமாறிப் பனாமா போய்ச் சேர்ந்தன. கூடவே 99.5 சதவீதத் தூய்மை என்று சொல்லும் சான்றிதழும் போனது. வழியில் சான்றிதழ் மறுபடி எழுதப்பட்டு, அசல் தயாரிப்பாளரின் பெயர் அதிலிருந்து நீங்கியது. எண் பத்திரமாகப் பயணம் செய்தது, அதைச் சொன்னவர் யார் என்பது தொலைந்துபோனது. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றின் இருமல் மருந்தில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 48.6 சதவீத டைஎத்திலீன் கிளைக்காலைக் கண்டது; மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மருந்துத் தரம் இல்லாத புரொப்பிலீன் கிளைக்கால் பயன்படுத்தப்பட்டதைத் துறையின் அறிக்கை குறிப்பிட்டது. மருந்துத் தரத்துக்கும் தொழில் தரத்துக்கும் சிஏஎஸ் எண் ஒன்றே, 57-55-6. பிரித்துக் காட்டுவது விவரக்குறிப்பு மட்டும்: எந்த மருந்து நூலின் தரம், டைஎத்திலீன் கிளைக்காலுக்கு என்ன வரம்பு, எந்தச் சப்ளையருக்கு ஒப்புதல், வந்து இறங்கிய பீப்பாயில் யார் சோதித்தது. கொள்முதல் ஆணை பொருளின் பெயரை மட்டும் தாங்கிப் போகும் ஆலைகளில், விலை குறைந்த தரம் வந்து சேர்வதைத் தடுக்க மென்பொருளில் ஒன்றும் இல்லை. விவரக்குறிப்பின் எண் இல்லாமல் கொள்முதல் ஆணை வெளியேறக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எந்த ஈஆர்பியிலும் அமைக்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லாமல் இன்றே செய்யக்கூடியது அது.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவரக்குறிப்பைத் திருத்தும்போது பழையது அழிந்துவிடக் கூடாது. ஆறு வருடம் முன்பு அனுப்பிய பேட்ச் பற்றி இன்று கேள்வி வந்தால், அன்று நடைமுறையில் இருந்த விவரக்குறிப்பு வேண்டும். மாற்ற எண்ணும் செல்லுபடித் தேதியும் வைத்துப் பதிவது எல்லா முக்கிய மென்பொருளிலும் உண்டு. அவசரத்தில் அதை அணைத்துவைக்காமல் இருந்தால் போதும்.

யார் பதிவது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. ஆய்வகம் அளக்கிறது, ஆராய்ச்சிப் பிரிவு செய்முறை எழுதுகிறது, பர்ச்சேஸ் சப்ளையரோடு பேசுகிறது, சட்ட இணக்கப் பிரிவு வகைப்படுத்துகிறது, மென்பொருளோ ஐடி பிரிவின் கையில். ஐவருக்கும் பொதுவான தரவு யாருக்கும் சொந்தமில்லாத தரவாகிறது. மையக் குழு ஒன்று எல்லாவற்றையும் பதியும் ஏற்பாட்டில் ஒழுங்கு இருக்கும், ஆனால் அக்குழு பொருளை நேரில் பார்த்திருக்காது. பன்னாட்டு நிறுவனங்கள் பலவற்றின் இத்தகைய குழுக்கள் இன்று சென்னையிலும் பெங்களூருவிலும் ஐதராபாத்திலும் இருக்கின்றன. ஐரோப்பாவில் விற்கும் பெயின்ட்டுக்குத் தரவுத்தாள் எழுதும் நம் இளம் வேதியியல் பட்டதாரிகள் அதைத் தயாரிக்கும் ஆலையின் ஒரு டிரம்மைக்கூடத் தொட்டதில்லை. அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐயம் வந்தால் ஆலையில் யாரைக் கேட்பது என்ற பெயரும் அதிகாரமும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும். அளந்தவரே மதிப்பைப் பதிய, வகைப்படுத்தியவரே வகைப்பாட்டுக்குக் கையெழுத்திட, மையக் குழு ஒழுங்கைக் காக்கும் பங்கீடுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சப்ளையர் பக்கத்து வேதனை இதைவிடப் பெரிது. வாகனத் துறை 2000ஆம் ஆண்டிலேயே ஐஎம்டிஎஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உதிரி செய்பவர்கள் அதில் தங்கள் உதிரியின் உட்கூறுகளைப் பதிகிறார்கள். ஒரு முறை பதிந்ததைப் பல வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். மின்னணுத் துறையிலும் ஐபிசி 1752, ஐஇசி 62474 போன்ற பரிமாற்ற வடிவங்கள் உண்டு. தோல் துறையின் அனுபவம் கடுமையானது. 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபினாலைத் தடைசெய்து, கிலோவுக்கு 5 மி.கி. என்று வரம்பு வைத்தபோது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல்கள் அந்த வரம்பைச் சந்திக்க வேண்டியிருந்தது. 1990களில் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. 2015 மே முதல் தோலில் ஆறு இணைதிற குரோமியத்துக்குக் கிலோவுக்கு 3 மி.கி. வரம்பு வந்தது. இன்று ஒவ்வொரு பிராண்டும் தனக்கென ஒரு தடைப் பட்டியல் வைத்துக்கொண்டு, ஒரே தோலைப் பற்றி ஒரே கேள்வியை வெவ்வேறு படிவத்தில் கேட்கிறது. நாலைந்து பேர் அலுவலகத்தில் இருக்கும் தோல் பதனிடும் ஆலை, வெள்ளி இரவில் அந்தப் படிவங்களை நிரப்பும்போது பழைய பதிலை நகலெடுப்பதைத் தவிர வேறென்ன செய்யும்? பெரிய நிறுவனத்தின் விலையுயர்ந்த மென்பொருளில் போய் அமரும் தரவின் ஊற்று அந்த மேசைதான். வாங்குபவர்கள் படிவத்தைப் பொதுவாக்கி, சோதனைச் செலவில் பங்கேற்காதவரை அங்கே வரும் எண்களின் தரம் உயராது.

பிடிஎஃப்களைப் படித்துத் தரவு எடுக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுப்பது இப்போது வேகமாகப் பரவுகிறது. கைவேலையை அது நிச்சயம் குறைக்கும், அதை வரவேற்கிறேன். ஆனால் ‘விட அதிகம்’, ‘விடக் குறைவு’ குறிகளும், அளவீட்டு முறையும், எந்தத் தேதியின் தாள் என்பதும் எடுக்கப்படுகின்றனவா என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு மதிப்போடும் அது தாளின் எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்ற சுட்டு இருக்க வேண்டும். பனாமாவுக்குப் போன சான்றிதழில் பீஜிங்கிலும் பார்சிலோனாவிலும் மனிதர்கள் கையால் செய்ததை இயந்திரம் நொடியில் செய்துவிடக் கூடாது.

அடுத்த சுமை நெருங்கிவிட்டது. ஐரோப்பாவின் 2023ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகனப் பேட்டரிகளும் 2 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட தொழில்துறைப் பேட்டரிகளும் மின்னணுக் கடவுச்சீட்டோடுதான் அந்தச் சந்தைக்குள் நுழையலாம். பேட்டரியில் உள்ள க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அதன் வேதியியலும் அபாயகரமான பொருட்களும் இன்னும் பலவும் தெரிய வேண்டும். சிலவற்றை எல்லாரும் பார்க்கலாம். சிலவற்றை மறுசுழற்சி செய்பவரும் அதிகாரிகளும் மட்டும் பார்க்கலாம். 2024இல் வந்த இன்னொரு சட்டம் இதே கடவுச்சீட்டைத் துணி, இரும்பு போன்ற பிற பொருட்களுக்கும் படிப்படியாக விரிக்க வழிசெய்கிறது. யாருக்கு எதைக் காட்டலாம் என்று ஒவ்வொரு மதிப்போடும் பதியும் கட்டம் பல வருடங்களாகவே மென்பொருளில் இருக்கிறது. இதுவரை அதைக் காலியாக விட்டவர்கள் இனி ஒவ்வொரு பதிவாகத் திறந்து நிரப்ப வேண்டும். திருப்பூர்த் துணி ஆலைகள் அந்த வேலையை இப்போதே தொடங்குவது நல்லது.